உள்ளே போனது எவ்வளவு?

போன வாரம் மாலை நடையில் நம் தெரு நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். பட்டாசு ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்கு மதுரையில் எலும்பு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கையில் ஊசி போடுவார்களாம், மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பிறகு படம் எடுப்பார்களாம்.

"அண்ணாச்சி, அந்த ஊசியில கதிர் இருக்காம்ல. மதினிக்கு அன்னைக்குக் குடுத்தாங்களே, அது மாதிரிதானா? உடம்புக்குள்ள எவ்வளவு போகும்? அது எப்ப வெளிய வரும்?" என்று கேட்டார்.

இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. "எழுதியே தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் வயதில் யாருக்காவது ஒருவருக்கு இந்த ஸ்கேன் வந்துகொண்டேதான் இருக்கிறது என்பதால் எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

என் பழைய பதிவுகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன். 1960-களில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசுக் கணக்குப் பிரிவில் எழுத்தராகக் காலம் தள்ளி, 2011-ல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இந்த எம். புதுப்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இருப்பு, வரவு, செலவு தெரியும். உடலுக்குள் போன கதிரியக்க மருந்தின் கணக்கும் கடைசியில் அதுதான்.

2013-ல் என் மனைவிக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் வந்தது. கை நடுக்கம், படபடப்பு. 54 கிலோ இருந்தவர் 46 கிலோவுக்கு இறங்கிவிட்டார். மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரே ஒரு கேப்ஸ்யூல்தான். கொடுத்தவர் கையுறை போட்டுக்கொண்டு ஈயக் குப்பியிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் பார்த்ததும் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, அவங்க தொடப் பயப்படுறத நான் முழுங்கணுமா?" என்றார்.

அங்கிருந்த பெண்ணிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்குப் புரியாது சார்" என்றார். நான் விடவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தேன். 10 மில்லிகியூரி என்றிருந்தது. பத்து நாள் சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடவேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் எட்டு மாதப் பேத்தி. மருமகள் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போனார். அது சரியானதுதான். ஆனால் பத்து நாள் முடிந்ததும் யாரோ "உடம்புல கரண்ட் மாதிரி இருக்கும், லேசுல போகாது" என்று சொல்ல, பத்து நாள் இருபது நாளாகி, இரண்டு மாதமாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் சிலர் எங்கள் வீட்டில் காபி குடிப்பதையும் நிறுத்தினார்கள்.

ஒரு நாள் ராத்திரி இவர் கேட்டார்: "நான் என்ன வெடிமருந்தா? கிட்ட வந்தா ஆபத்துன்னு எல்லாரும் தள்ளி நிக்கிறாங்க. எனக்குள்ள போனது எவ்வளவு? இன்னும் எவ்வளவு இருக்கு? அத யாராவது சொல்லுங்க."

நியாயமான கேள்வி. நூறு வருடமாக விஞ்ஞானிகள் பதில் தேடிய கேள்வியும் அதுதான். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் கியூரி என்ற பெயரை உச்சரிக்காமல் இயற்பியல் வகுப்பு நடக்காது. மேரி கியூரியை எல்லோருக்கும் தெரியும். அவர் மகள் ஐரீனும் மருமகன் ஃபிரெடெரிக் ஜோலியோவும் 1934 ஜனவரியில் செய்த காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். சாதாரண அலுமினியத்தைக் கதிர்களால் தாக்கி, கதிரியக்கமுள்ள பாஸ்பரஸை உண்டாக்கினார்கள். அதுவரை இயற்கையில் கிடைத்த கதிரியக்கப் பொருள் மட்டும்தான். அன்று முதல் நாமே செய்துகொள்ளலாம் என்றாயிற்று. மேரி கியூரி அதைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு ஜூலையில் காலமானார். மறு ஆண்டு இந்தத் தம்பதிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன்பே ஹங்கேரிக்காரரான ஹெவேசிக்கு ஒரு யோசனை இருந்தது. கதிரியக்கப் பொருளை அடையாளம் போல் வைத்து, ஒரு பொருள் எங்கே போகிறது என்று பின்தொடரலாம் என்பது. மான்செஸ்டரில் அவர் தங்கிய விடுதியில் மிச்சச் சோற்றை மறுநாளும் பரிமாறுகிறார்கள் என்று சந்தேகம். தட்டில் விட்ட உணவில் துளி கதிரியக்கப் பொருளைச் சேர்த்துவைத்து, பிறகு வந்த சாப்பாட்டில் அதைக் கருவியால் பிடித்துக் காட்டினார் என்று அவரே சொன்ன கதை உண்டு. 1923-ல் அவரை செடியின் வேரும் தண்டும் எவ்வளவு ஈயத்தை உறிஞ்சுகின்றன என்று இதே முறையில் அளந்தார். இன்று நமக்குப் போடும் ஸ்கேன் ஊசி அந்தச் செடியின் வாரிசு.

எங்கே போகிறது என்பது ஒரு கேள்வி. போன இடத்தில் எவ்வளவு சேதம் செய்யும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு முதல் விடை ஆராய்ச்சிக்கூடத்தில் கிடைக்கவில்லை. தொழிற்சாலைப் பெண்களின் எலும்பிலிருந்து கிடைத்தது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி போன்ற இடங்களில், முதல் உலகப் போரின்போதும் அதற்குப் பின்பும், கடிகார முகப்பில் ரேடியம் கலந்த பெயின்டால் எண் எழுதும் வேலைக்கு இளம்பெண்களை வைத்தார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். ஒன்றும் செய்யாது என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரேடியம் வயிற்றுக்குள் போனது. சில ஆண்டுகளில் பல் விழுந்தது, தாடை அழுகியது, எலும்பில் புற்று வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதன் காரணத்தைச் சுலபமாகச் சொல்லலாம். நம் ஆலைகளில் சிவப்பு வெளிச்சத்துக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை பேரியம் உப்பு. சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் நான்கும் வேதியியல் அட்டவணையில் ஒரே குடும்பம், ஒன்றன்கீழ் ஒன்று. ரேடியம் உள்ளே வந்தால் கால்சியம் என்று நினைத்து எலும்பு அதைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். (நம் ஆலை ஸ்ட்ரான்சியத்திலும் பேரியத்திலும் கதிரியக்கம் இல்லை. அதில் வேறு ஆபத்துகள் உண்டு, ஆனால் இது இல்லை.) ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. எலும்பில் உட்கார்ந்தது எழுந்து போகாது.

ராப்ளி எவன்ஸ் என்ற இயற்பியலாளர் அந்தப் பெண்களைப் போல ரேடியம் உள்ளே போனவர்களின் மூச்சையும் உடலையும் அளந்தார். 1941-ல் உடலுக்குள் 0.1 மைக்ரோகிராம் ரேடியத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று முதல் வரம்பு விதித்தார்கள். அதற்கு ஆதாரம் 27 பேருடைய கணக்கு. அதில் 20 பேருக்கு ஏற்கெனவே பாதிப்பு இருந்தது. உடலுக்குள்ளே போகும் கதிரியக்கத்துக்கு உலகம் போட்ட முதல் வரம்பு இது. இங்கே விரல் நுனியில் மருந்து ஒட்ட வேலை செய்து வயிறு கழுவுகிறவர்களை தினமும் பார்ப்பதால், இதைப் படித்தபோது எனக்கு அந்த 27 பேரைத் தாண்டிப் போக முடியவில்லை.

அதே 1941-ல்தான் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், என் மனைவிக்கு வந்த அதே நோய்க்கு முதல்முதலாகக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். அதற்கு முன் முயல்களில் செய்த சோதனையில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர் இதே எவன்ஸ்தான். தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்ளும் சுரப்பி. அயோடினில் கதிரைச் சேர்த்து அனுப்பினால் அது தானாகவே அங்கே போய்ச் சேரும். இன்று கொடுக்கும் அயோடின்-131-ஐ 1938-ல் கலிபோர்னியாவில் லிவிங்குட், சீபோர்க் இருவரும் கண்டுபிடித்தார்கள். பிற்காலத்தில் சீபோர்க்கின் தாயாரே அந்த அயோடினால் சிகிச்சை பெற்றார்.

மருந்து வந்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது? அந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தி 1948-ல் எழுதியவர்கள் மாரினெல்லி, க்விம்பி, ஹைன் என்ற மூவர். 1965-ல் அமெரிக்க அணு மருத்துவச் சங்கம் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்து, 1968 முதல் கணக்கு முறையை வெளியிட்டது. நம் நாட்டிலும் அந்தக் காலத்திலேயே இது வந்துவிட்டது. டிராம்பேயில் அப்சரா அணு உலை 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. பம்பாயில் பரேலில் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963-ல் வந்தது. தைராய்டு நோயாளிகளுக்கு டிராம்பே அயோடினைக் கொடுத்தார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஜி.பி.எஃப். கணக்குப் பார்த்தவர்களுக்கு இது வெகு சுலபம். வட்டி போட, ஒவ்வொரு மாத இருப்பையும் எழுதி, எல்லாவற்றையும் கூட்டி, பிறகுதானே வட்டி விகிதத்தைப் போடுவோம்? ஒருவர் எவ்வளவு கட்டினார் என்பது மட்டும் போதாது, அது எத்தனை மாதம் கணக்கில் கிடந்தது என்பதும் வேண்டும். கதிர் மருந்திலும் அப்படியே. கொடுத்தது எவ்வளவு, உறுப்பில் தங்கியது எவ்வளவு, எத்தனை நாள் கிடந்தது. தினசரி இருப்பைக் கூட்டினால் மொத்தம் கிடைக்கும்.

இந்த இருப்பு இரண்டு வழியில் செலவாகிறது. ஒன்று, மருந்து தானாகவே சிதைகிறது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். எங்கள் பிரெஞ்சுப் புத்தகத்தில் இதை 'பெரியோத்' என்பார்கள், தமிழில் அரை ஆயுள். இரண்டு, உடல் அதைச் சிறுநீரிலும் வேர்வையிலும் வெளியேற்றுகிறது. சுரப்பியிலிருந்து பாதி வெளியேற 24 நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஓட்டையுள்ள தொட்டி போல. எட்டில் ஒன்று, இருபத்துநாலில் ஒன்று, இரண்டையும் கூட்டினால் ஆறில் ஒன்று. ஆக ஆறு நாளைக்கு ஒருமுறை இருப்பு பாதியாகும்.

10 மில்லிகியூரி கொடுத்ததில் பாதி, அதாவது 5, தைராய்டில் தங்கியது என்று கொள்வோம். மீதி பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். அதற்குத்தான் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். 5-ஐ 6 நாளால் பெருக்கி, அதை 1.44-ஆல் பெருக்கினால் தினசரி இருப்பின் மொத்தம் 43 வரும். 1 மில்லிகியூரி என்றால் நொடிக்கு 3 கோடியே 70 லட்சம் அணுக்கள் சிதைகின்றன. எல்லாம் சேர்த்து 138 லட்சம் கோடி சிதைவுகள்! இத்தனையும் சேர்ந்து சுரப்பியில் விடும் சக்தி எவ்வளவு தெரியுமா? சுமார் 4 ஜூல். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும், அவ்வளவுதான். ஒரு வாய் காபியில் இருக்கும் சூடு இதைவிடப் பல மடங்கு.

ஆனால் அந்தக் கொஞ்சம் சக்தி, 40 கிராம் சுரப்பிக்குள், மில்லிமீட்டர் கூடத் தாண்டாத தூரத்தில், உயிரணுவுக்குள்ளேயே இறங்குகிறது. சக்தியை எடையால் வகுத்தால் கதிர் அளவு. ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு கிரே. 40 கிராமுக்கு 4 ஜூல் என்றால் நூறு கிரேக்குமேல். அதிகம் சுரக்கும் சுரப்பியை அடக்க அது போதும். அதற்காகத்தான் கொடுத்தார்கள்.

இங்கேதான் நான் கவனிக்கச் சொல்லும் இடம். வகுக்கும் எண்ணைப் பாருங்கள். சுரப்பி 40 கிராமாக இல்லாமல் 20 கிராமாக இருந்தால் அதே கேப்ஸ்யூல் இரண்டு மடங்கு கதிர் கொடுக்கும். சுரப்பியின் எடையை நீண்ட காலம் மருத்துவர்கள் கழுத்தை விரலால் தடவித்தான் மதிப்பிட்டார்கள். மற்ற உறுப்புகளை விரலால் தடவவும் முடியாது. அதனால் ஒரு 'பொது மனிதனை' உருவாக்கிக்கொண்டார்கள்.

1960-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஃபிஷரும் ஸ்னைடரும் உருளை, கூம்பு, முட்டை வடிவங்களை வைத்துக் கணிதத்தாலேயே ஒரு மனிதனைக் கட்டினார்கள். அந்த ஆண் உடலுக்குள்ளேயே கருப்பையையும் சினைப்பையையும் வைத்துவிட்டார்கள், பெண்களுக்கும் அதிலேயே கணக்குப் பார்க்கலாம் என்று. அர்த்தநாரீஸ்வரர் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறார்! கதிர் எங்கிருந்து கிளம்பி எங்கே விழும் என்பதைக் கம்ப்யூட்டரில் சூதாட்டம் போல லட்சக்கணக்கான தடவை போட்டுப் பார்த்தார்கள். சூதாட்ட ஊரின் பெயரால் அந்த முறைக்கு மான்டே கார்லோ என்றே பெயர்.

1975-ல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பொது மனிதனின் ஜாதகத்தையே வெளியிட்டது. வயது 20-லிருந்து 30-க்குள். எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். வெள்ளையர், மேற்கு ஐரோப்பா அல்லது வட அமெரிக்க வாழ்க்கை முறை. வசிக்கும் இடத்தின் சராசரி வெப்பம் 10 முதல் 20 டிகிரி வரை. தைராய்டு 20 கிராம்.

இதைப் படித்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சித்திரை வெயிலில் எம். புதுப்பட்டியில் உட்கார்ந்திருக்கும் 46 கிலோ பாட்டிக்கு அந்த 70 கிலோ வாலிபனின் கணக்கா? ஆனால் யோசித்தால் சிரிக்க வேண்டிய விஷயமில்லை. அலுவலகத்தில் பட்ஜெட் மதிப்பீடு போடுவோம். அது செலவு அல்ல, மதிப்பீடு. மதிப்பீடு இல்லாமல் வேலை நடக்காது. அதையே செலவு என்று நினைத்தால் தணிக்கையில் மாட்டுவோம். பிற்பாடு ஆசிய நாடுகள் சேர்ந்து தங்கள் மக்களின் உறுப்பு எடை, உணவு எல்லாம் திரட்டின. நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் இந்திய மனிதனுக்கான அளவுகளைத் தொகுத்தார்கள். 2002-ல் ஆணையமே ஆணுக்கு 73 கிலோ, பெண்ணுக்கு 60 கிலோ என்று தனித்தனியாக எழுதியது. 2009-ல் உண்மையான மனிதர்களின் ஸ்கேன் படங்களிலிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மாதிரி உடலே செய்துவிட்டார்கள். அர்த்தநாரீஸ்வரருக்கு ஓய்வு கிடைத்தது.

இப்போது வீட்டுக் கதையை முடிக்கிறேன். மனைவி அப்படிக் கேட்ட பிறகுதான் நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஆறு நாளில் பாதி, பன்னிரண்டில் கால், பதினெட்டில் அரைக்கால் என்று எழுதிக்கொண்டே போனேன். 60 நாளில் பத்து முறை பாதியாகும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அன்றைக்கு 57-ஆம் நாள்! அந்தத் தாளை மகனிடம் காட்டினேன். நாங்கள் மறுபடி போய்க் கேட்டபோது மருத்துவரும், "பத்து நாளோடு முடிந்த விஷயம், ஏன் இவ்வளவு நாள்?" என்றார். குழந்தை வந்தது. போகும்போது தவழ்ந்த பிள்ளை, வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டியைப் பார்த்து யாரோ என்று அழுதது.

அந்தக் கணக்கைப் பதினோராம் நாள் போட்டிருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் ஊரார் கணக்கைப் பார்த்தவன், வீட்டுக் கணக்கைப் பார்க்க 57 நாள் ஆனது. "புரியாது" என்று சொன்ன பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் புரிந்துகொள்ளக் கூடியவனாக இருந்தும் உட்காராதவன் நான்தான்.

கடைசியாக, நண்பரின் கேள்விக்கு. உங்கள் வீட்டம்மாவுக்குப் போடப்போவது டெக்னீசியம். அயோடின் போல எட்டு நாள் இல்லை, ஆறே மணி நேரத்தில் பாதியாகும். சிறுநீரில் போவதை விட்டுவிட்டாலும், மறுநாள் அதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். வழக்கமாகக் கொடுக்கும் 20 மில்லிகியூரிக்கு மதிப்பீடு சுமார் 4 மில்லிசீவர்ட். பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதனுக்கு இயற்கையாக ஒரு வருடத்தில் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. இந்த 4 என்பது பொது மனிதனின் கணக்கு. ஒரு பரிசோதனையை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். உங்கள் வீட்டம்மாவுக்கு இத்தனை ஆபத்து என்று அதை வைத்துச் சொல்லக்கூடாது, அந்த ஆணையமே அப்படித்தான் சொல்கிறது. எலும்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது இப்போது அதைவிட முக்கியம்.

போகும்போது மூன்று விஷயம் மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகியூரி, குழந்தைகளிடமிருந்து எவ்வளவு நேரம் தள்ளி இருக்கவேண்டும். சொன்ன நேரம் முடிந்ததும் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளி இருக்கவேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. காபியும் உண்டு.